ஊருக்குப் போகும்போது இங்கிலாந்தில் காருக்கு வரி கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா?

எட்டு மாதம் ஊரில் அம்மாவோடு இருக்கப் போகிறேன், லண்டனில் கார் சும்மாதான் நிற்கும், ஓட்டாத வண்டிக்கு எதற்கு வரி, இன்ஷூரன்ஸ் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தி வைக்கலாம். ஆனால் வண்டிப் பதிவையும் வரியையும் கவனிக்கும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.விடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நம் ஊரிலிருந்து வந்தவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் சொந்த காருக்குப் பதிவின்போதே ஆயுள் வரி கட்டிவிடுகிறோம். அதற்கப்புறம் வண்டி போர்டிகோவில் வருடக்கணக்கில் தூங்கினாலும் வரி என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அப்படி இல்லை. பதிவில் உள்ள வண்டி ஒன்று வரி கட்டியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாலையில் இல்லை என்று அறிவித்ததாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், ஒரு அடி நகராவிட்டாலும் அபராதம். அந்த அறிவிப்பைத்தான் 'சோர்ன்' என்கிறார்கள். 1998 முதல் இந்த விதி இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா படுத்த படுக்கையான சமயத்தில் அவசரமாகக் கிளம்பினேன். அதற்குச் சில வாரம் முன்புதான் வீடு மாறியிருந்தோம், லாக் புக்கில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பழைய முகவரியே கிடந்தது. நான் ஊரில் இருந்தபோது வரியும் முடிந்தது, இன்ஷூரன்ஸும் முடிந்தது. திரும்பி வந்ததும் பழைய வீட்டில் குடியிருந்தவர் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டுக் கடிதம் கொடுத்தார். முதலில் நினைவூட்டல்கள், அடியில் அபராதங்கள்: வரிக்கு 80 பவுண்டு, இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 100 பவுண்டு. வரி அபராதத்தைச் சீக்கிரம் கட்டினால் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கெடுவும் தாண்டியிருந்தது. ஆகவே முதல் வேலையாக உங்கள் லாக் புக்கில் முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சோர்ன் போடுவதற்குக் காசு கிடையாது. லாக் புக்கில் இருக்கும் 11 இலக்க எண்ணை வைத்து ஆன்லைனிலோ போனிலோ போட்டால் உடனே அமலுக்கு வரும். வரி நினைவூட்டல் கடிதத்தில் உள்ள 16 இலக்க எண்ணை வைத்துப் போட்டால் அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான். முன்பு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அது இல்லை, ஒரு தடவை போட்டால் நீங்கள் மறுபடி வரி கட்டும் வரை நிற்கும். மீதமுள்ள வரியும் தானாகத் திரும்பி வரும், ஆனால் முழு மாதங்களுக்கு மட்டும். 30ஆம் தேதி போடுவதும் அடுத்த மாதம் 2ஆம் தேதி போடுவதும் ஒன்றல்ல, தள்ளிப்போட்டால் ஒரு மாத வரி போய்விடும். டைரக்ட் டெபிட்டை அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

இனி முக்கியமான விஷயம், வண்டி எங்கே நிற்கப் போகிறது? கேள்வியில் 'வீட்டு வாசலில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டு மனைக்குள் வண்டி நிறுத்தும் டிரைவ்வேயா, தெருவா? தெரு என்றால் சோர்ன் உங்களுக்கு உதவாது. கவுன்சிலில் தெருவில் நிறுத்த ரெசிடென்ட் பெர்மிட் வாங்கியிருந்தாலும் அது பொதுச்சாலைதான். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டு முன்னிடம் ஒரு கார் நீளம்கூடத் தேறாது. சோர்ன் போட்டு நிறுத்தியிருந்தார், முன் பம்பர் ஜன்னல் சுவரை முட்டிக்கொண்டிருக்க, பின்சக்கரம் இரண்டும் நடைபாதைக் கல் மேல். நடைபாதையும் பொதுச்சாலையில் சேர்த்திதான். சொன்னதும் நல்லவேளையாக வண்டியை நண்பர் ஒருவரின் கராஜுக்கு மாற்றிவிட்டார். சோர்ன் போட்ட வண்டி பொதுச்சாலைக்கு வந்து, கோர்ட்டுக்குப் போனால் 2,500 பவுண்டு வரை அபராதம் வரலாம். சக்கரத்தில் கிளாம்ப் என்ற பூட்டு மாட்டினால் கழற்ற 100 பவுண்டு தனி. கண்ணாடியில் ஒட்டும் வரி வில்லை 2014 அக்டோபரோடு போயிற்று, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். நம்பர் பிளேட்டைத் தட்டினால் எவரும் ஆன்லைனில் பார்க்கலாம்.

ஃபிளாட்டில் இருப்பவர் என்றால் இன்னொன்று. கீழே உள்ள பொது பார்க்கிங் தனியார் நிலமாகவே இருக்கலாம், ஆனால் பல குடியிருப்பு வளாகங்களில் வரி கட்டாத வண்டி நிற்கக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சோர்ன் இருந்தால் இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. எனக்கு மட்டும் அதை முழுதாக நிறுத்த மனம் வராது. எட்டு மாதம் ஆள் இல்லாத வீட்டில் நிற்கும் வண்டி திருடு போனாலோ எரிந்தாலோ யார் தருவார்கள்? நிறுத்தி வைத்த வண்டிக்கென்று திருட்டு, தீ மட்டும் கவனிக்கும் பாலிசி கிடைக்கிறது, விசாரித்துப் பாருங்கள். கார் ஃபைனான்ஸில் இருந்தால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் இன்ஷூரன்ஸில் கை வைக்க வேண்டாம்.

திரும்பி வந்தபின் வரிசை முக்கியம். முதலில் இன்ஷூரன்ஸ். எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையின் கெடு முடிந்திருந்தால் வரி கட்ட விடாது, அதனால் எம்.ஓ.டி.க்கு முன்பதிவு செய்யுங்கள். முன்பதிவு செய்த எம்.ஓ.டி.க்குப் போக மட்டும் சோர்ன் வண்டியைச் சாலையில் ஓட்டலாம், இன்ஷூரன்ஸோடு. போகிற வழியில் அரிசி மூட்டை வாங்க நிறுத்துவதெல்லாம் அதில் சேராது. பதிவு செய்த ரசீதைக் கையில் வைத்திருங்கள். தேர்வானதும் வரியைக் கட்டினால் சோர்ன் தானாக நீங்கிவிடும். வரி மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்தே கணக்காகும், அதனால் மாதக் கடைசியில் வந்து இறங்கினால் இரண்டு நாள் பஸ்ஸில் போய்விட்டு 1ஆம் தேதி கட்டுங்கள்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் உங்கள் நம்பர் பிளேட்டை ஆன்லைனில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். அங்கே சோர்ன் என்று காட்டினால் போதும், நிம்மதியாகக் கிளம்பலாம். காட்டாவிட்டால் போன் போட்டுக் கேட்க அன்று ஒரு நாள் கையில் இருக்கும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.