கிராமத்தில் 1,000 சதுர அடி வீடு கட்ட உண்மையில் எவ்வளவு ஆகும்?

தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள், உத்திரமேரூர் பக்கம் சொந்த ஊரில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனை, மேஸ்திரி சதுர அடிக்கு 1,800 சொல்கிறார், 18 லட்சம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த 1,800 பெரும்பாலும் தரைக்கு மேலே, சுவருக்கு உள்ளே இருப்பதற்கான விலை. தரைக்குக் கீழே போவதும் சுவருக்கு வெளியே போவதும் அதில் இருக்காது. மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வீட்டுக்கு விலை கேட்டீர்கள், அவர் வீட்டுக்குச் சொன்னார்.

முதலில் மண். ஏரிப் பாசன ஊர்களில் பழைய நஞ்சை மனையென்றால் அடியில் களிமண் இருக்க வாய்ப்பு அதிகம். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசியில் உப்பும். இரண்டு ஆட்களை வைத்து ஆறேழு அடிக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். நாலு அடியில் கெட்டி மண் வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் நாலுக்கு நாலு அடி போட நினைத்த புட்டிங் (பில்லருக்கு அடியில் போடும் கான்கிரீட் தளம்) ஐந்துக்கு ஐந்து ஆகும். ஒரு அடிதானே என்று தோன்றும். ஆனால் 16 சதுர அடி 25 ஆகிறது. 12 பில்லர், 15 அங்குலக் கனம் என்று வைத்தால் 135 கன அடி கான்கிரீட் கூடுதல். சிமென்ட் மட்டும் 30 மூட்டை. கம்பியும் குழி வெட்டும் கூலியும் தனி. குழி வெட்டிப் பார்க்காமல் யார் தரும் எஸ்டிமேட்டும் ஜோசியம்தான்.

அடுத்து பேஸ்மெண்ட், அதாவது வீட்டுத் தரையைத் தெரு மட்டத்துக்கு மேலே உயர்த்தும் அடித்தளம். 3 அடி உயரம் என்றால், சுவர் அடைக்கும் இடமும் மேலே போடும் 4 அங்குல பி.சி.சி.யும் (கம்பி இல்லாத கான்கிரீட்) போக, உள்ளே சுமார் 2,300 கன அடி நிரப்ப வேண்டும். லாரியில் வருவது உதிரி மண். தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்தால் அமுங்கும். ஆகவே 23 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இடத்துக்கு 29, 30 யூனிட் கிராவல் இறக்க வேண்டும். 3 யூனிட் டிப்பரில் பத்து லோடு. தெரு குறுகி, டிப்பர் முனையிலேயே கொட்டிவிட்டுப் போனால் அங்கிருந்து டிராக்டரில் அள்ளும் செலவும் உங்கள் தலையில்தான்.

டிப்பர் வந்ததும் தொட்டியின் உள் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து பெருக்குங்கள். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஈரமாக வந்தால் உப்பி நிற்கும். கண்ணுக்கு நிறைவாகத் தெரியும், பொருள் குறைவு.

வீட்டுக்கான பொருள்: செங்கல் சுமார் 20,000 (9 அங்குலச் சுவரில் சதுர அடிக்கு 10 கல், பேஸ்மெண்ட் உட்பட), சிமென்ட் 450 மூட்டை, கம்பி மூன்றரை முதல் நாலு டன். கம்பியை எண்ணிக்கையில் வாங்காதீர்கள். 12 மீட்டர் நீள 12 எம்எம் கம்பி 10.66 கிலோ, 8 எம்எம் 4.74 கிலோ இருக்க வேண்டும். சிமென்ட் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதம் ஆனது. பழைய எஸ்டிமேட் வைத்திருந்தால் அந்த வரியைத் திருத்துங்கள்.

கூலி கிராமத்தில் மலிவு என்ற நினைப்பை விடுங்கள். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரத்தில் வேலை கிடைக்கும்போது, கொத்தனார் எதற்கு உங்களுக்குக் குறைத்து வர வேண்டும்?

சுவருக்கு வெளியே: 40க்கு 60 மனையின் சுற்றளவு 200 அடி. 5 அடி உயரத்தில் நாலரை அங்குல மதில் எழுப்பினாலே 5,000 கல், அதாவது வீட்டுக் கல்லில் கால்பங்கு. இருபுறமும் பூச 2,000 சதுர அடி. அதன் கடைக்கால், தூண், கேட் இன்னும் சேரவில்லை. செப்டிக் டேங்க், 8க்கு 6க்கு 5 அடி சம்ப் (தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, சுமார் 6,800 லிட்டர்), மாடிப்படி, மொட்டை மாடியில் பதிக்கும் தட்டோடு எல்லாம் தனி. போரை (ஆழ்துளைக் கிணறு) முதலில் போடுங்கள். கியூரிங்குக்கு (கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கு) டேங்கர் தண்ணீர் வாங்குவது தண்டச் செலவு. தற்காலிக மின் இணைப்புக்கு வீட்டு இணைப்பைவிட அதிகக் கட்டணம். எல்லாம் சேர்த்து என் கணக்கில் 26 லட்சத்துக்குக் கீழே யோசிக்காதீர்கள். இன்ஜினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இது தோராயம். மண்ணும் லாரி தூரமும் மாறினால் தொகையும் மாறும்.

"கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம்தானே" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: அது அரசு தரும் உதவித்தொகை, உங்கள் வீட்டின் விலை அல்ல.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தட்டோடு போடக் காசில்லை என்று மொட்டை மாடியை அப்படியே விடுவார்கள். கிரகப்பிரவேசத்துக்கு 600 பேருக்கு இலை போடுவார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் ஹால் சீலிங் ஒழுகும்போது சாப்பிட்டுப் போனவர்கள் யாரும் வந்து ஒரு பக்கெட் வைக்கப் போவதில்லை.

பொருளை நீங்களே வாங்கி, வெறும் கூலிக்கு விடுவதாக இருந்தால், சதுரத்தை (100 சதுர அடி) மேஸ்திரி எப்படி அளப்பார் என்பதை அட்வான்ஸ் தருவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். சன்ஷேட், லாஃப்ட், போர்டிகோ, படிக்கட்டு இவையெல்லாம் அளவில் சேருமா, பாதியாகச் சேருமா, சேராதா? அதைப் பேசாமல் விட்டால் 10 சதுர வீடு கடைசி பில்லில் 12 சதுரமாக வந்து நிற்கும்.