மிளகிட்ட பேரிக்காய்: ஒரு ரோமானியப் பண்டம்

கேள்வி: பண்டைய ரோமானியர் பேரிக்காயை மசித்து, முட்டை சேர்த்துச் சுட்ட ஒரு பண்டத்தைப் பற்றிப் படித்தேன். அதில் மிளகு, சீரகம், மீன் சாறு எல்லாம் சேர்கின்றன, அளவுகளோ இல்லை. காரத்தையும் மீன் சாற்றையும் விட்டுவிட்டு இனிப்பாகச் செய்யலாமா? எங்கள் வீட்டில் ஓவனும் இல்லை.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, அப்பீசியஸ் என்ற பெயரில் வழங்கும் லத்தீன் சமையல் தொகுப்பில் வரும் ‘பாட்டினா’ எனும் முட்டைப் பண்ட வகைகளுள் ஒன்று. வேகவைத்து நடுப்பகுதியை நீக்கிய பேரிக்காயை மிளகு, சீரகம், தேன், உலர்திராட்சை மது, மீன் சாறு, சிறிது எண்ணெய் ஆகியவற்றோடு அரைத்து, முட்டை சேர்த்துச் சமைத்து, மேலே மிளகு தூவிப் பரிமாற வேண்டும் என்பதோடு அந்தக் குறிப்பு முடிந்துவிடுகிறது.

மிளகை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இவ்வளவு சிறிய குறிப்பில் அது இருமுறை இடம்பெறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, ரோமில் ஒரு பவுண்டு திப்பிலி 15 தெனாரியஸுக்கும் (ரோமானிய வெள்ளிக் காசு), வெண்மிளகு 7க்கும், கருமிளகு 4க்கும் விற்றதாகப் பதிவு செய்திருக்கிறார். யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. கடல் கடந்து சென்ற அந்தச் சரக்குதான் இந்தப் பண்டத்தின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எங்கும் கிடைக்கும் பழப் புட்டிங் மட்டுமே.

சர்க்கரையும் வேண்டாம். ரோமானியர் அதை மருந்தாகவே அறிந்திருந்தனர் என்பதால், தேனும் திராட்சையும் தரும் இனிப்பே இதற்குப் பொருத்தமானது. மீன் சாறு அவர்களுக்குப் பெரும்பாலும் உப்பின் வேலையைச் செய்தது. கடைகளில் கிடைக்கும் தாய்லாந்து மீன் சாற்றில் அரைத் தேக்கரண்டி போதும், வாடை தெரியாது. விருப்பமில்லையென்றால் இரண்டு சிட்டிகை உப்பு சேருங்கள்.

அளவுகள் என் கணிப்பில் சொல்பவை. அரை கிலோ பேரிக்காய்க்கு 3 முட்டை, 2 மேசைக்கரண்டி தேன், ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய், கால் தேக்கரண்டி மிளகுப்பொடி, அதில் பாதியளவு சீரகப்பொடி. மதுவுக்கு மாற்றாக, ஒரு கைப்பிடி உலர்திராட்சையை அரை டம்ளர் நீரில் கொதிக்கவைத்து, நீர் பாதியாகச் சுண்டியதும் மசித்து வடிகட்டிய சாற்றைச் சேர்க்கலாம். நம் மலைப்பகுதிகளில் விளையும் கெட்டியான நாட்டுப் பேரிக்காய் வேகச் சற்று நேரமாகும். கத்தி தடையின்றி இறங்கும்வரை வேகவிட்டு, நீரை முற்றிலும் வடித்து, நன்றாக ஆறிய பிறகே முட்டையைச் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் முட்டை திரிந்துவிடும், ஈரம் மிகுந்தால் பண்டம் இறுகாமல் நீர்விடும்.

ஓவன் இல்லாதது குறையே அல்ல. மூடியின் மேல் தணல் குவித்துச் சுடும் வழக்கம் ரோமானியரிடமும் இருந்தது. கேக் சுடுவதற்குச் செய்வதைப் போலவே, கனமான குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, உள்ளே ஒரு தாங்கி வைத்து, கேஸ்கட்டும் விசிலும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் கலவையை ஊற்றி உள்ளே வைத்துச் சிறு தீயில் விட்டால், பாத்திரத்தின் ஆழத்தைப் பொறுத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் ஓரங்கள் இறுகி, நடுப்பகுதி மட்டும் லேசாக அசையும். அப்போதே இறக்கிவிடுங்கள், எஞ்சிய சூட்டில் நடுவும் இறுகிவிடும். மேலே தூவும் மிளகைப் பரிமாறும் நேரத்தில் புதிதாக இடித்துக்கொள்வது நல்லது.