அக்கா, பதிப்பகத்துல இன்டர்ன்ஷிப் போலாமா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். காலேஜ்ல சர்டிபிகேட் கேக்குறாங்க போல, எல்லாரும் ஒரே நேரத்துல பதிப்பகம் தேடிக் கிளம்பியிருக்கீங்க. மத்த கேள்விக்கெல்லாம் அடுத்த இதழ்ல பதில் சொல்றேன், இப்ப இதை மட்டும் பேசி முடிச்சிடுவோம்.

அக்கா, நான் எம்.ஏ. தமிழ் ரெண்டாவது வருஷம். ஒரு மாசம் ஏதாவது பதிப்பகத்துல வேலை கத்துக்கணும்னு ஆசை. நிறைய படிப்பேன், எடிட்டிங்தான் இஷ்டம். இதுக்கு மெட்ராஸுக்குத்தான் வரணுமா? யாரைக் கேக்கணும், என்ன வேலை குடுப்பாங்க? (வாசகி, திருச்சி)

மெட்ராஸுக்குத்தான் வரணும்னு யாரும்மா சொன்னா? காலச்சுவடு இருக்கிறது நாகர்கோவில்ல, எதிர் வெளியீடு பொள்ளாச்சியில, வம்சி திருவண்ணாமலையில, அவ்வளவு ஏன், உங்க ஜில்லாவுலயே புத்தாநத்தத்துல அடையாளம் பதிப்பகம் இருக்கு. இவங்கல்லாம் இன்டர்ன் எடுக்குறாங்கன்னு நான் சொல்ல வரல, அதை நீதான் கேட்டுப் பாக்கணும், ஆனா ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் காசைக் கொட்டி இங்க வந்து உக்காந்தாத்தான் பதிப்புத் தொழில் தெரியும்னு ஒண்ணும் இல்ல.

யாரைக் கேக்குறதுன்னா, வெப்சைட்ல வேலைவாய்ப்புப் பக்கம் தேடிட்டு இருக்காதே. நம்ம ஊர் பதிப்பகங்கள்ல நிறைய இடத்துல மொத்த ஆபீஸே நாலஞ்சு பேர்தான், இதுல எச்.ஆர். எங்க இருந்து வருவாங்க. உன் அலமாரியில இருக்கிற அவங்க புத்தகத்தை எடு, தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் முகவரி, போன் நம்பர், மெயில் எல்லாம் இருக்கும். மெயில் போட்டுட்டு மறுநாள் போனும் பண்ணு, மெயிலை மட்டும் நம்பி உக்காந்திருந்தா பொங்கல் வந்துடும். மெயில்ல என்ன எழுதறதுன்னா, உன் மார்க்கு, பேச்சுப் போட்டி பரிசு இதெல்லாம் ஒரு வரி போதும், அதுக்குப் பதிலா அவங்க வெளியிட்ட ஒரு புத்தகத்தைப் பூரா படிச்சு அதுல கண்ணுல பட்ட அச்சுப் பிழையை எல்லாம் பக்க எண், வரி எண்ணோட மரியாதையா எழுதி அனுப்பு. நல்ல பதிப்பாளரா இருந்தா அடுத்த பதிப்புக்கு ஆச்சுன்னு சந்தோஷப்பட்டு உன்னைக் கூப்பிடுவாரு. கோவம் வந்துச்சுன்னா அந்த ஆபீஸுக்கு நீ போகாம இருக்கறதே நல்லது.

எப்பப் போறதுங்கறதும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி 1977ல ஆரம்பிச்சது, வழக்கமா பொங்கலை ஒட்டி வரும், தமிழ்ல வர்ற புது புத்தகத்துல பெரும்பங்கு அதுக்காகத்தான் தயாராகும். அதனால அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எல்லா ஆபீஸும் அடுப்புல வெச்ச குக்கர் மாதிரிதான் இருக்கும். மே மாசம் போனா உக்காத்தி வெச்சு நிதானமா சொல்லிக் குடுப்பாங்க, ஆனா கத்துக்க வேலை இருக்காது. டிசம்பர்ல போனா எல்லா வேலையும் கண்ணு முன்னாடி நடக்கும், ஆனா உன் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. என்னைக் கேட்டா நவம்பர்தான் சரி.

இப்ப வேலைக்கு வருவோம். எடிட்டிங் இஷ்டம்னு எழுதியிருக்கே, கையெழுத்துப் பிரதியைப் படிச்சு அபிப்பிராயம் சொல்லச் சொல்வாங்கன்னு நினைக்கிறே இல்ல? சொல்ல மாட்டாங்க. பெரும்பாலும் உன் கையில முதல்ல வர்றது செகண்ட் புரூஃப்தான். புரூஃப்னா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை பாக்க எடுக்குற பிரிண்ட். முதல் புரூஃப்ல அனுபவசாலி ஒருத்தர் சிவப்பு மையில திருத்தம் போட்டிருப்பாரு, டிடிபி பண்றவங்க, அதாவது கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பக்கம் அமைக்கிறவங்க, அதையெல்லாம் திருத்தி புதுசா பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க, நீ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சிவப்பு போட்ட ஒவ்வொரு இடமும் திருந்தியிருக்கான்னு பாக்கணும். கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா உண்மையான வேலையே இதுதான், ஏன்னா திருத்தம் போட்ட இடத்தை எல்லாரும் பாப்பாங்க, அதுக்குப் பக்கத்துல புதுசா என்ன கெட்டுச்சுன்னு பாக்க ஆள் இருக்காது. "அவரை பார்த்தேன்"ங்கறதுல ஒரே ஒரு ப் சேக்குறோம்னு வெச்சுக்க. வரி நீளுது, கடைசி வார்த்தை கீழ இறங்குது, பத்தியில ஒரு வரி கூடுது, பக்கத்தோட அடி வரி அடுத்த பக்கத்துக்குப் போகுது, இப்படியே தள்ளித் தள்ளி அடுத்த அத்தியாயம் ஒரு பக்கம் தள்ளி ஆரம்பிக்குது, ஆனா பொருளடக்கத்துல மட்டும் பழைய பக்க எண் அப்படியே நிக்குது. அதனால செகண்ட் புரூஃப் முடிஞ்சதும் பொருளடக்கத்தை ஒருதடவை பக்கம் பக்கமா புரட்டிச் சரிபாரு, யாரும் சொல்லாமலே பாரு, ரெண்டாவது வாரம் உன் மேல மரியாதை வந்துடும்.

இன்னொண்ணு, நாட்டுடைமை ஆன, அதாவது யார் வேணா பதிப்பிக்கலாம்னு ஆன பழைய புத்தகங்களை மறுபதிப்பு போடுறப்ப ஸ்கேன் பண்ணி, படத்துல இருக்கிற எழுத்தை அடையாளம் காணுற ஓ.சி.ஆர். சாஃப்ட்வேர் மூலமா எழுத்தை எடுப்பாங்க. அதுக்குத் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் சரியா தெரியாது. "காலம்" போய் "கரலம்" ஆனா கண்ணுல பட்டுடும், "பாவை" போய் "பரவை" ஆச்சுன்னா? ரெண்டும் தமிழ்ச் சொல்தான், ஸ்பெல் செக் கம்முன்னு இருக்கும், அர்த்தம் புரிஞ்சு படிக்கிற ஆள்தான் பிடிக்கணும். "கௌரவம்"னு பாக்குறதுக்குச் சரியா இருக்கும், உள்ளே கெ தனி, ள தனின்னு அடிச்சிருப்பாங்க, அச்சுல ஒண்ணும் தெரியாது, இ-புக்ல தேடினா அந்தச் சொல் சிக்கவே சிக்காது.

உனக்கு இலக்கணம் தெரிஞ்சிருக்கும், அதுலதான் ஒரு ஆபத்தும் இருக்கு. கரிசல் பக்கத்து எழுத்தாளர் உரையாடல்ல "வந்துக்கிட்டு இருக்காக"ன்னு எழுதியிருந்தா அதை "வந்துகொண்டிருக்கிறார்கள்"னு திருத்திடாதே தாயே. சந்தேகம் வந்தா ஓரத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு வை, பேனாவை எடுக்காதே. பொதுவான எழுத்துக்கு க்ரியா அகராதி பக்கத்துல இருக்கட்டும், 1992ல முதல் பதிப்பு வந்தது, புதுப் பதிப்பு கிடைச்சா அதையே வெச்சுக்க, சொல்லைச் சேத்து எழுதறதா பிரிச்சு எழுதறதான்னு வர்ற சண்டையில பாதியை அது தீர்த்து வைக்கும்.

அப்புறம் பாரக் கணக்கு கத்துக்க. ஆஃப்செட் அச்சுல ஒண்ணா அடிச்சு மடிக்கிற 16 பக்கத்தை ஒரு பாரம்னு வெச்சுக்கிட்டா, புத்தகம் 164 பக்கம் வந்தா 10 பாரம் போக 4 பக்கம் தொங்கும். ஒண்ணு, எழுத்தை இறுக்கி 160க்குக் கொண்டு வரணும், இல்லைன்னா அரை பாரம் சேத்து 168 ஆக்கணும், அப்ப மிச்சம் 4 பக்கம் காலியா கிடக்கும். கடைசியில "எங்கள் பிற வெளியீடுகள்"னு பட்டியல் வருதே, பல நேரம் அது வர்றது இந்தக் காலி இடத்தை அடைக்கத்தான். இப்ப நிறைய பேர் முன்னூறு பிரதி, நூறு பிரதின்னு டிஜிட்டல்ல போடுறதால இந்தக் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருக்கு, ஆனாலும் பக்கம் மாறுனா ரேப்பரோட, அதாவது மேலட்டையோட, முதுகு அகலமும் மாறும், அதை ரேப்பர் டிசைன் பண்றவருக்குச் சொல்லாம விட்டா முதுகுல இருக்க வேண்டிய தலைப்பு முன் அட்டைக்கு எட்டிப் பாக்கும். நடுவுல ஓடி ஓடிச் சொல்றது யாருன்னா, இன்டர்ன்தான்.

புத்தகத்தோட அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். நம்பர் ரேப்பர்லயும் உள்பக்கத்துலயும் ஒண்ணா இருக்கான்னும் பாரு. 13 இலக்கத்துல கடைசி இலக்கம் மத்த பன்னெண்டையும் வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது. முதல் இலக்கத்தை ஒண்ணால பெருக்கு, அடுத்ததை மூணால, மறுபடி ஒண்ணு, மூணுன்னு போய் எல்லாத்தையும் கூட்டினா பத்தால மீதியில்லாம வகுபடணும். வரலைன்னா எங்கயோ ஒரு நம்பர் மாறிப் போச்சுன்னு அர்த்தம். புத்தகம் வந்ததும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னையில இருக்கிற நம்ம கன்னிமாரா நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி போகணும், டெல்லி, மும்பை பொது நூலகங்களுக்கும் கூட, 1954ஆம் வருஷச் சட்டம், 30 நாள் கெடு. அந்தப் பார்சலைக் கட்டறதும் உன் தலையிலதான் விழும், மூஞ்சியைத் தூக்காம கட்டு.

நான் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறேன். புத்தகம்னா உசுரு, ஆனா ஒற்று எங்க மிகும்னு சத்தியமா தெரியாது. என்னை எடுப்பாங்களா அக்கா?

தம்பி, உன்னைத்தான் முதல்ல எடுப்பாங்க. பழைய டிடிபி ஃபைல் எல்லாம் ஆளுக்கொரு ஃபான்ட்ல, பேஜ்மேக்கர்ங்கற பழைய சாஃப்ட்வேர்ல அடிச்சு சிடியில கிடக்கு, அதை எல்லா கம்ப்யூட்டர்லயும் படிக்க முடியற யூனிகோடுக்கு மாத்தி இ-புக் ஆக்கறதுக்கு ஆள் இல்லாம பல பதிப்பகம் தவிக்குது. கன்வர்ட்டர் போட்டு எடுத்தாலும் அங்கங்க உடையும், எது எங்க உடையுதுன்னு ஒரு மாதிரி கண்டுபிடிச்சு மொத்தமா சரிபண்ற சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தேன்னா உன்னை வீட்டுக்கே விட மாட்டாங்க. இன்னொரு பெரிய ஓட்டை ஸ்டாக் கணக்கு. எந்த புத்தகம் எந்தக் கடையில எத்தனை இருக்கு, எத்தனை திரும்பி வந்துச்சுங்கறது பல இடத்துல இன்னும் ஒரு நீளநோட்டுலயும் ஒரு மேனேஜர் மண்டைக்குள்ளயும்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, போன முதல் நாளே "ஏன் சார் இன்னும் இதையெல்லாம் வெச்சிருக்கீங்க"ன்னு ஆரம்பிக்காதே. ஒற்று தானா வரும், படிக்கப் படிக்க.

என் பொண்ணு ஐ.டி. வேலை வேண்டாம், பதிப்பகத்துல பயிற்சிக்குப் போறேன், பிறகு அதுலயே வேலை பாக்கப் போறேங்கிறா. அவ அப்பா ஒரே சத்தம். இதுல சம்பளம் கிம்பளம் வருமாம்மா? (ஒரு தாய், விருதுநகர்)

மறைக்காம சொல்றேம்மா, ஐ.டி. மாதிரி வராது. ஏன் வராதுன்னு அவ அப்பாகிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க. ஒரு புத்தகம் விலை 200 ரூபாய்னு வைங்க. கடைக்காரருக்குக் கழிவு 35 பர்சென்ட் குடுத்தா 70 போச்சு, எழுத்தாளருக்கு ராயல்டி 10 பர்சென்ட்னா 20 போச்சு. மிச்சம் 110ல தாள், அச்சு, பைண்டிங், டிடிபி, புரூஃப், ரேப்பர், குடோன் வாடகை, கரண்ட் பில், அப்புறம்தான் உங்க பொண்ணு சம்பளம். அதுவும் புத்தகம் வித்தாத்தான், வித்த காசு கடையில இருந்து ஒழுங்கா வந்தாத்தான். முன்னெல்லாம் ஆயிரம் பிரதி அடிப்பாங்க, இப்ப முன்னூறு அடிச்சுட்டே யோசிக்கிறாங்க. அரசு நூலகங்களுக்கு வாங்குற ஆர்டர் வந்தா மூச்சு விடுவாங்க, வராத வருஷம் திண்டாட்டம்.

அதுக்காகப் போகவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். புரூஃப் நல்லா பாக்கத் தெரிஞ்ச பொண்ணுக்குப் பதிப்பகம் மட்டும்தான் கதின்னு இல்ல, பத்திரிகை, பாடப்புத்தகம், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு கம்பெனின்னு நாலு இடம் இருக்கு, வீட்டுல உக்காந்து பக்கக் கணக்குல புரூஃப் பாத்துக் குடுத்துட்டு வேற வேலையும் பாக்குறவங்க நிறைய பேர். ஒரு மாசம் போயிட்டு வரட்டும், வந்து அவளே சொல்லட்டும். அப்பாவை அதுவரைக்கும் கொஞ்சம் சமாதானமா இருக்கச் சொல்லுங்க.

போன புத்தகக் காட்சி சமயத்துல ஒரு பதிப்பகத்துல இன்டர்ன்னு சேர்ந்தேன். காட்சி முடியற வரைக்கும் தினமும் ஸ்டால்ல நிக்க வெச்சு பில் போட விட்டாங்க, பெட்டி தூக்க விட்டாங்க. பஸ் காசு கூட தரல. சர்டிபிகேட் கேட்டா "அனுப்புறோம்"னு சொல்லிட்டே இருக்காங்க. இதுவும் அனுபவம்தான்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க, அப்படியா? (வாசகர், செங்கல்பட்டு)

அனுபவம்தான், ஆனா கூலி குடுக்காத அனுபவம். பில் போடறதும் பெட்டி தூக்கறதும் வேலை, அதுக்கு வெளியாள் வெச்சா தினக்கூலி குடுத்திருப்பாங்க இல்ல? அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க உனக்கு இன்டர்ன்னு பேரு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். இந்த விஷயத்துல நான் யாருக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன், சின்ன பதிப்பகம், கஷ்டம், எல்லாம் சரி, பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் குடுக்க முடியாத கஷ்டம்னா ஸ்டால் போடக் கூடாது.

ஸ்டால்ல நிக்கறதே வேஸ்ட்னு சொல்ல வரல. ஜனங்க புத்தகத்தை எப்படி எடுக்குறாங்கன்னு அங்கதான் பாக்க முடியும். முன் அட்டை, உடனே திருப்பிப் பின் அட்டை, விலை, அப்புறம் நடுவுல ஒரு பக்கம், பாதிப் பேர் விலையைப் பாத்ததும் பழைய இடத்துல வெச்சுடுவாங்க. பின் அட்டை வாசகத்தை எப்படி எழுதணும்னு ஒரு வாரம் ஸ்டால்ல நின்னவங்களுக்குப் புரியற மாதிரி மத்தவங்களுக்குப் புரியாது. ஆனா அது ரெண்டு மூணு நாள்ல வந்துடும், முழுசா நிக்கத் தேவையில்ல.

சர்டிபிகேட்டுக்கு போன்ல கெஞ்சாதே. எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் என்னென்ன வேலை பாத்தேன்னு எழுதி, உங்க துறைத்தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கி, காலேஜ் லெட்டர்ஹெட்ல மெயில் அனுப்பச் சொல்லு. அடுத்த ஜனவரிக்கும் அந்தக் காலேஜ்ல இருந்து பசங்க வேணும்னு அவங்களுக்குத் தெரியும், அனுப்பிடுவாங்க. இனிமே போறவங்க சேர்றதுக்கு முன்னாடியே மூணு விஷயத்தை மெயில்ல வாங்கிக்கங்க: எத்தனை நாள், என்ன வேலை, போக்குவரத்துக் காசு உண்டா. முடிஞ்சா நாலாவதா இன்னொண்ணும் கேளுங்க, நீங்க புரூஃப் பாத்த புத்தகத்துல உங்க பேரைப் போடுவாங்களான்னு. சில பேர் போடுறாங்க, காசு செலவில்லாத விஷயம், கேட்டாத்தான் ஞாபகம் வரும்.

இன்டர்ன்ஷிப் போற இடத்துல என் கவிதைத் தொகுப்பையும் குடுக்கலாமாக்கா? 112 கவிதை இருக்கு. (பேர் வேண்டாம், மதுரை)

முதல் வாரத்துல குடுத்தா இதுக்குத்தான் வந்தியான்னு நினைப்பாங்க, புரூஃப் கட்டும் உன் கைக்கு வராது. கடைசி நாள் குடு. அதுக்குள்ள அங்க கவிதைத் தொகுப்பு எத்தனை விக்குதுன்னு ஸ்டாக் நோட்டுல நீயே பாத்திருப்பே, 112 அனேகமா 40 ஆகியிருக்கும். ஃபைலை யூனிகோடுல குடு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பாதே.