நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள்கூடக் கடல் இழுப்பில் சிக்குவது ஏன்? சிக்கினால் என்ன செய்ய வேண்டும்?

எனக்கு நீச்சல் பழக்கியது எங்கள் ஊர்ப் பம்புசெட் கிணறு. தலைகீழாகக் குதித்து, அடிமண்ணை அள்ளிவந்து காட்டுகிற அளவுக்குத் தேறியவன். அந்தத் திமிரோடுதான் சென்னைக்கு வந்த புதிதில் கோவளம் கடலில் இறங்கினேன்.

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பஸ்ஸின் நீளத்துக்கு மட்டும் அலையே இல்லை. தண்ணீர் சற்றுக் கறுத்து, சாதுவாகக் கிடந்தது. குளிக்கத் தோதான இடம் என்று அங்கேயே இறங்கினேன். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கரையில் கழற்றி வைத்த சட்டை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அந்தக் கறுத்த தண்ணீர்தான் இழுப்பு. ரிப் கரண்ட் என்பார்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமல்லவா? மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால், அதன் வழியே வாய்க்கால்போல ஓடிவிடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை அவ்வளவாக உடையாது. பாறை, கடலரிப்பைத் தடுக்கக் கல்கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு ஆகியவற்றின் ஓரங்களிலும் இப்படி ஓடும். பெரும்பாலும் மெதுவாக நடக்கிற வேகம்தான். சீறினால் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரர்களே அந்த வேகத்தில் 100 மீட்டர் வரைதான் நீந்துகிறார்கள்.

இழுப்பு யாரையும் அடியில் அமுக்குவதில்லை. அலை உடையும் இடத்துக்கு அப்பால் கொண்டுபோய் வலுவிழந்துவிடும். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைப்பவர்கள்தான் மூழ்குகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். மீனவக் குப்பத்துப் பையன் ஒருவன் சர்ஃபிங் பலகையில் வந்து, "நீந்தாதீர்கள் அண்ணா, மல்லாந்து படுங்கள்!" என்று கத்தினான். படுத்தேன். மூச்சு திரும்பியது. பலகையைப் பிடிக்கச் சொல்லி, பக்கவாட்டில் நுரை தெரிந்த பக்கமாக இழுத்துப் போனான். அலையே எங்களைக் கரையில் தள்ளிவிட்டது.

ஆக, மிதப்பதுதான் முதல் வேலை. கையை உயர்த்தி ஆள் கூப்பிடுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நீந்துங்கள். ஒரு பக்கம் தண்ணீர் எதிர்த்தால் மல்லுக்கு நிற்காமல் மறுபக்கம் திரும்புங்கள்.

பிறகு அதே பையனிடம் சர்ஃபிங் கற்றேன். எங்களுக்கு இழுப்பு ஓசி பஸ். கை வலிக்காமல் அலைகளுக்கு அப்பால் கொண்டுபோய் விடும். அதனாலேயே அனுபவசாலிக்கு அலட்சியம் வருகிறது. ஒருநாள் காலில் கட்டியிருந்த கயிறு அறுந்து பலகை போய்விட்டது. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் என் தைரியம் பலகையில் இருந்தது என்று. பலகையில்லாமல் நீந்திக் கரை சேரமுடியாத தூரத்துக்கு இப்போதெல்லாம் போவதில்லை.

இன்னொரு தவறு, சிக்கியவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிப்பது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறதே, அது 1930 டிசம்பரில் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் உயிரைவிட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டுக்காக எழுப்பியது. முதலில் உயிர்காப்பாளரையோ மீனவர்களையோ கூப்பிடுங்கள். மிதக்கும் எதையாவது வீசுங்கள். கடலுக்குப் போகும் நாளில் என் ஸ்கூட்டரில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்று தொங்கும். பெட்ரோல் வாங்கவா என்று நண்பர்கள் கேட்பார்கள்.