அஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை, பிறகு ஏன் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ.?

கேள்வி: நாங்கள் திருகோணமலை, திருக்கடலூரில் வசிக்கிறோம். பத்து நாட்களுக்கு முன் தம்பி போன படகின் இயந்திரம் பழுதாகி, இரண்டு நாட்கள் கரை சேரவில்லை. இரண்டாம் இரவு அம்மாவுக்கு நெஞ்சு இறுக்கி மூச்சு முட்டியது. வயது 64. மாரடைப்பு என்றுதான் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை. எக்கோ என்ற ஒலியலை ஸ்கானில் இதயத்தின் நுனிப்பக்கம் ஊதிப்போய் அசையாமல் இருப்பதாகவும், மன அதிர்ச்சியால் இப்படி ஆகியிருக்கலாம் என்றும் கூறி, கொழும்பில் இதய எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்கிறார்கள். அதற்கு முந்திய கிழமை அம்மாவுக்குக் காய்ச்சலும் இருந்தது. நீரிழிவு உண்டு. “குழாய் சுத்தம், பிள்ளையும் வந்துவிட்டான், இனி எதற்கு ஸ்கான்?” என்கிறார் அப்பா. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களாம் என்று கேள்விப்பட்டு அம்மாவும் மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி சுகமாகக் கரை சேர்ந்தது பெரிய ஆறுதல். அப்பாவின் கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அவர் ஒன்றை யோசிக்க வேண்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. வயலில் நிற்கும் பயிர் வாடிக் கிடக்கிறதா, கருகியே விட்டதா என்று பார்ப்பது வேறு வேலை. அஞ்சியோகிராம் வாய்க்காலைத்தான் பார்த்தது. பயிரைப் பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ. வாடிய பயிர் நிமிரும், கருகியது நிமிராது. அம்மாவின் இதயத் தசை இவற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இனி அவருக்கு என்ன மாத்திரை, எவ்வளவு காலம் என்று தீர்மானிக்க முடியும்.

உங்கள் வைத்தியர்கள் சந்தேகிக்கும் நோய்க்கு டாக்கோட்சுபோ என்று பெயர். 1990இல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த வைத்தியர் ஹிக்காரு சாட்டோவும் அவரது குழுவினரும் வைத்த பெயர் இது. கடற்கரை மக்களான உங்களுக்கு அதை விளக்குவது எளிது. ஜப்பானிய மீனவர்கள் பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்) பிடிக்கக் கடலில் இறக்கிவைக்கும் பானையைத்தான் அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கிய பானை. இந்த நோயில் இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது நுனி சுருங்காமல் ஊதி நிற்க, மேற்பகுதி மட்டும் இறுகுவதால் அதே வடிவம் வந்துவிடுகிறது.

பேரச்சத்திலோ துக்கத்திலோ அட்ரினலின் வெள்ளமாகச் சுரந்து இதயத் தசையை மரத்துப்போகச் செய்வதே முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. 2004 ஒக்டோபரில் ஜப்பானின் நீகாட்டாப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கே இந்த நோயாளிகள் திடீரெனப் பெருகினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26இல்தான் நம் கரைக்குள் கடல் ஏறியது. அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மாரில் எத்தனை பேருக்கு இது வந்திருக்குமோ என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

ஆகவே அம்மாவைப் பார்த்து “வெறும் பயம்தான்” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். இது உண்மையான இதய நோய். முதல் நாட்களில் உயிருக்கே ஆபத்தாகவும் அமையக்கூடும். 2015இல் வெளியான, 1,750 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டுப் பதிவேட்டு ஆய்வில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். சராசரி வயது 67. மனத்துயரத்தால் வந்தவர்களைவிட, கடும் உடல்நோய் அல்லது சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து வந்தவர்கள் அதிகம். கால்பங்குக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த காய்ச்சல்தான். வைரசுக் காய்ச்சலை அடுத்து இதயத் தசையில் அழற்சி ஏற்படுவதுண்டு. அதிலும் நெஞ்சு வலிக்கும், ஈ.சி.ஜி. மாறும், இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் உயரும், குழாய்கள் சுத்தமாக இருக்கும். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு: குழாயில் கட்டிய இரத்தக்கட்டி தானாகக் கரைந்த பிறகு அஞ்சியோகிராம் செய்தால், உண்மையான மாரடைப்பிலும் அடைப்புத் தெரியாமல் போகலாம். டாக்கோட்சுபோ, தசை அழற்சி, மாரடைப்பு ஆகிய மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

எம்.ஆர்.ஐ. இவற்றைப் பிரித்துக் காட்டும். இதயம் துடிப்பதை அசையும் படமாகப் பார்ப்பதோடு, தசையில் நீர் கோத்து வீங்கியிருக்கிறதா என்பதையும் காணலாம். பிறகு கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். இறந்துபோன அல்லது வடுப்பட்ட தசையில் அந்த மருந்து தங்கி வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பானால் அந்த வெள்ளை தசையின் உட்புறத்தில் தொடங்கி, ஒரே குழாயின் எல்லைக்குள் நிற்கும். அழற்சியானால் பெரும்பாலும் நடுப்படையிலும் வெளிப்படையிலும் திட்டுத்திட்டாக வரும். டாக்கோட்சுபோவில் வீக்கம் இருக்கும், வெள்ளை பெரும்பாலும் இருக்காது. அசையாத நுனியில் இரத்தம் தேங்கிக் கட்டியாகியிருந்தால், எக்கோவில் தப்பிய சிறு கட்டியும் இதில் அகப்படும். அப்படி இருந்தால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உடனே தேவைப்படும்.

டாக்கோட்சுபோ நோயாளிகள் எல்லோரும் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பலருக்கு எக்கோவே போதும். உங்கள் அம்மாவுக்கு எடுப்பதே சரி என்பது என் கருத்து. அதையும் தள்ளிப்போடாமல் எடுங்கள். வடு பின்னரும் தெரியும், ஆனால் வீக்கம் நாள் செல்லச் செல்ல வடிந்துவிடும். முதல் இரண்டு கிழமைகளுக்குள் எடுத்தால் படம் அதிகம் பேசும். அதேநேரம் மூச்சு வாங்கினாலோ துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ 260 கிலோமீட்டர் பயணம் வேண்டாம். முதலில் வைத்தியரின் அனுமதியைப் பெறுங்கள்.

“ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.” என்று இன்னொரு பரிசோதனை உண்டு. மருந்தால் இதயத்துக்கு வேலை கொடுத்து இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது அது. அம்மாவுக்குச் சொல்லப்பட்டது அதுவல்ல. பதிவு செய்யும்போது துண்டில் உள்ளதைச் சரியாக வாசித்துக் காட்டுங்கள்.

நீரிழிவு இருப்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்திருந்தால் கடோலினியம் கொடுப்பதா, எந்த வகையைக் கொடுப்பது என்று யோசிப்பார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. ஒடுக்கமான குழாய்க்குள் முக்கால் மணிமுதல் ஒரு மணிநேரம்வரை படுத்திருக்க வேண்டும். உள்ளே சத்தம் பெரிதாக இருக்கும், காதை மூடித் தருவார்கள். பத்துப் பதினைந்து விநாடிகள் மூச்சை அடக்கச் சொல்லிச் சொல்லிப் படம் எடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே பழகிவிட்டுப் போனால் அம்மாவுக்கு இலகு.

தாலிக்கொடியைக் கழற்றத்தான் வேண்டும். பெரிய காந்தத்தின் அருகே எந்த உலோகமும் கூடாது. அதுவும் நெஞ்சின் மேல் கிடந்தால் படமே கெட்டுவிடும். அம்மாவின் மனம் நோகாமல் இருக்க, முதல்நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள்துண்டு கோத்து, அப்பாவின் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். கயிற்றுக்குக் காந்தம் ஒன்றும் செய்யாது. ஸ்கான் அறையிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிவு வரும்வரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்கோட்சுபோவே என்று உறுதியானால், பெரும்பாலானோருக்கு நான்கு முதல் எட்டுக் கிழமைகளில் இதயம் பழைய சுருக்கத்துக்குத் திரும்பிவிடும். அதை எக்கோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். சிலருக்குப் பின்னொரு காலத்தில் இது திரும்பவும் வரும். ஆகவே மறுபடி நெஞ்சு வலித்தால் “போனமுறை மாதிரிதான்” என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அது மாரடைப்பா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. எந்த நேரமானாலும் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.