பீட்ரூட் சாறு குடித்தால் அப்பாவின் கால்வலி குறையுமா?

சாறு மட்டும் போதாது. பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட் ரத்தக்குழாயைக் கொஞ்சம் விரியச் செய்யும், அங்கே அடைப்பு இருந்தால் அதைக் கரைக்காது. நடக்கும் தூரத்தைக் கூட்டுவது தினசரி நடைப்பயிற்சிதான். வலி வந்ததும் நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். சாப்பாடு அதற்குத் துணை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு தெரு தாண்டினாலே கெண்டைக்கால் இறுகுகிறது, நின்றால் சில நிமிடத்தில் சரியாகிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் கால் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வலி. உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் குறைகிறது என்றால் முதுகுத்தண்டு நரம்பாக இருக்கலாம், கவனித்துப் பாருங்கள். அப்புறம், கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் பரிசோதனை கேளுங்கள். விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்புதான். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கு அது பொய்யாக நன்றாகவும் காட்டும்.

சாறு கொடுத்தால் சர்க்கரை போடாதீர்கள். மவுத்வாஷும் வேண்டாம், நைட்ரேட்டை உடம்புக்குப் பயன்படும்படி மாற்றுவது நாக்கிலுள்ள பாக்டீரியாதான், மவுத்வாஷ் அதைக் கொன்றுவிடும். சிறுநீர் சிவந்தால் பயப்படாதீர்கள். தட்டுவடை செட்டில் (இரண்டு தட்டைக்கு நடுவே சட்னி, காய்த்துருவல் வைத்த சேலத்துத் தின்பண்டம்) போடும் பீட்ரூட் துருவல் இந்தக் கணக்கில் வராது, கூடவே எண்ணெயும் வருகிறதே!

சிறுநீரகக் கோளாறோ கல்லோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சாறு வேண்டாம். பீடி தொடர்ந்தால் எதுவும் பலிக்காது. ராத்திரி படுத்திருக்கும்போதே கால் வலித்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ உடனே ரத்தக்குழாய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.