நெதர்லாந்தின் போல்டர் நிலங்களையும் பழைய ஊர்களையும் நடந்தே பார்க்க எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஆம்ஸ்டர்டாமில் தங்கப்போவதாகவும், கையில் இரண்டு நாட்களே இருப்பதாகவும், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடியும் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நகரத்துக்கு வடக்கே வட ஹாலந்து மாகாணத்தைத் தாண்டி வேறெங்கும் போக வேண்டாம் என்பதே என் பதில். வேலை நிமித்தமாக இந்நாட்டுக்கு வந்த ஆறு ஆண்டுகளில் நான் அதிகம் நடந்த பகுதி அதுதான். ஒரு தவற்றைச் செய்து கற்றுக்கொண்ட பகுதியும் அதுவே.

முதலில் அந்தத் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளிருக்கும் நீர்மட்டத்தை மனிதர்களே கட்டுப்படுத்திவரும் நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். பேம்ஸ்டர் என்னும் போல்டர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏரியாக இருந்தது. அதைச் சுற்றிக் கரையும் கால்வாயும் அமைத்துக் காற்றாலைகளால் நீரை இறைத்தார்கள்; 1610இல் வீசிய புயலில் கரை உடைந்து ஏரி மறுபடியும் நிரம்பியது; மனம் தளராமல் மீண்டும் இறைத்து 1612இல் தரையைக் கண்டார்கள். வற்றிய தரையில் அளவுகோல் வைத்தாற்போலச் சாலைகளையும் வாய்க்கால்களையும் சதுரம் சதுரமாகப் போட்டார்கள். அந்த ஒழுங்குக்காகவே 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இதையெல்லாம் படித்துவிட்டு, போல்டரைப் பார்ப்பதென்றால் அதன் நட்டநடுவே நடப்பதுதான் முறை என்று நானே முடிவுசெய்துகொண்டு கிளம்பினேன். நேர்கோடாகச் செல்லும் சாலையில் மிடன்பேம்ஸ்டர் ஊரின் தேவாலயக் கோபுரம் தொலைவில் தெரிந்தது. முக்கால் மணி நேரம் நடந்த பிறகும் அது அதே உயரத்தில்தான் நின்றது. வரைபடத்தில் அழகாக இருக்கும் அந்த ஒழுங்கு காலுக்கு எவ்வளவு சலிப்பூட்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே போல்டருக்குள் நடக்காதீர்கள், அதன் விளிம்பில் நடங்கள். பேம்ஸ்டரைச் சுற்றியோடும் வட்டக் கால்வாயின் கரைமீது ஏறி நின்றால் ஒரு பக்கம் கால்வாய் ததும்பிக்கொண்டிருக்கும். மறுபக்கம், கடல்மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் மேல் தாழ்ந்த பழைய ஏரிப்படுகையில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். கரையிலிருந்து இறங்கி வயலோரப் பாதையில் நின்று திரும்பிப் பாருங்கள். நான் அப்படி நின்ற ஒரு மாலையில், புல் மேய்ந்துகொண்டிருந்த பசுவின் முதுகுக்கு மேலே ஒரு படகின் மேற்பாதி மட்டும், தண்ணீரே கண்ணில் படாமல், கரையின் விளிம்பை ஒட்டி நகர்ந்து போனது. நீர் மேலே, நிலம் கீழே என்பதை எத்தனை நூல்களில் படித்திருந்தாலும் அதை உடம்பு நம்புவது அப்போதுதான்.

முதல் நாளுக்கு ஸ்கெர்மர்ஹோர்ன் ஊரில் தொடங்கி, க்ரோட்ஸ்கெர்மர் வழியாக டெ ரைப் வரை நடப்பதைப் பரிந்துரைக்கிறேன். சுற்றி வளைத்தாலும் சுமார் பத்துக் கிலோமீட்டர்தான் வரும். இந்தப் பாதை செல்லும் இடம் ஒரு பழைய தீவு. கிழக்கே பேம்ஸ்டரும், மேற்கே 1635இல் வற்றவைக்கப்பட்ட ஸ்கெர்மரும் ஏரிகளாக இருந்த காலத்தில் நடுவே தலைதூக்கி நின்ற, மட்கிய செடிகொடிகள் படிந்து உருவான கரிச்சேற்று நிலம் அது. அதனால் இங்கே சதுரங்கள் கிடையாது. வாய்க்கால்கள் தம் விருப்பப்படி வளைந்தோட, இடையிடையே படகில் மட்டுமே போகக்கூடிய புல்திட்டுகள் கிடக்கும். ஸ்கெர்மரில் நீரிறைக்க 52 காற்றாலைகள் இருந்தன, இன்று எஞ்சியவை 11. ஸ்கெர்மர்ஹோர்னில் வரிசையாக நிற்கும் மூன்றில் ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதனுள்ளே கட்டாயம் ஏறிப் பாருங்கள். ஒரே காற்றாலையால் அவ்வளவு ஆழத்திலிருந்து நீரைத் தூக்க முடியாது என்பதால், ஒன்று தூக்கிய நீரை அடுத்தது வாங்கி இன்னும் மேலே ஏற்றும்படி அவற்றைப் படிப்படியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

டெ ரைப் ஒருகாலத்தில் ஹெர்ரிங் மீன்பிடிப்பாலும் திமிங்கில வேட்டையாலும் செழித்த ஊர். 1654இல் பெருந்தீயில் பெரும்பகுதி எரிந்துபோனது. பேம்ஸ்டர் ஏரியை வற்றவைக்கும் பணியில் பங்கேற்ற காற்றாலைப் பொறியாளர் லேக்வாட்டர் பிறந்தது இங்கேதான். அவர் வடிவமைத்த 1630ஆம் ஆண்டு நகரமன்றக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் படிக்கட்டில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொள்வது என் வழக்கம். தெம்பு மிச்சமிருந்தால் ஊருக்கு வெளியே வந்து, மேலே சொன்ன வட்டக் கால்வாயின் கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

இரண்டாம் நாள் மோனிக்கெண்டாமிலிருந்து ஏடாம் வரை ஏரிக்கரையையொட்டிச் செல்லலாம். 1916இல் இப்பகுதியை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகே ஸைடர்ஸே என்ற உள்கடலை அடைக்கும் திட்டம் வேகம் பெற்றது. 1932இல் பெரிய அணை மூடப்பட்டதும் உப்பு நீர் மெல்ல நன்னீரானது. இன்று உங்கள் வலப்புறத்தில் இருப்பது கடலல்ல, மார்க்கர்மேர் ஏரி. இடையில் வரும் ஃபோலெண்டாமில் கூட்டம் தாங்காது. ஒரு காகிதப் பொட்டலம் பொரித்த மீன் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஏடாம் அதற்கு நேரெதிர். உலகெங்கும் பாலாடைக்கட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கிறது. அந்தக் கட்டிகளை எடைபோட்ட 1778ஆம் ஆண்டு மண்டபத்தை அங்கே காணலாம்.

வழி தவறும் பயம் வேண்டாம். பாதைகள் பிரியுமிடங்களில் எண்கள் எழுதிய கம்பங்கள் நட்டிருப்பார்கள். போக வேண்டிய எண்களைக் காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் பயப்பட வேண்டியது காற்றுக்குத்தான். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இந்த வெளியில் அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் என்பதால்தான் ஏடாமை முடிவிடமாகச் சொன்னேன். தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் காற்று முதுகில் இருக்கும். வசந்தகாலத்தில், கருவால் மூக்கன் முதலிய பறவைகள் புல்வெளியில் முட்டையிடும் மாதங்களில், வயலுக்குள் செல்லும் சில பாதைகளை மூடிவிடுவார்கள். கரைவழி அப்போதும் பெரும்பாலும் திறந்திருக்கும். ஏடாமிலோ டெ ரைப்பிலோ ரயில் நிலையம் கிடையாது. டெ ரைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி நொடியில் பேருந்தைத் தவறவிட்டு அடுத்ததற்காக மழையில் நெடுநேரம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், திரும்பும் பேருந்தின் நேரத்தை நடக்கத் தொடங்குமுன் குறித்துக்கொள்ளுங்கள்.